லேப்டாப் கொடுத்தால் படிப்பு சமமாகிவிடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் சில வருடங்களாக மாலை வகுப்பு நடத்துகிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருபது முப்பது பேர், ஒரு கரும்பலகை, இரண்டு பழைய டேப்லெட், ஒரு டியூப் லைட். இதைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பெற்றவர்கள் ஒரு விதமாகக் கேட்பார்கள். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்து "ஊருக்கு ஏதாவது செய்யணும்" என்பவர்கள் இன்னொரு விதமாகக் கேட்பார்கள். பி.எட். படிப்பவர்கள் கட்டுரைக்காக வேறு விதமாகக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். தொழில்நுட்பம் கல்வியில் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைக்குமா?

குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். எது நடக்கும் என்பதை, பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறாரா என்பதை வைத்தே ஏறக்குறைய சொல்லிவிடலாம். வாத்தியார் வீட்டுப் பையனிடம் ஒரு டேப்லெட் இருந்தால் ராத்திரி சாப்பிடும்போது "இன்னைக்கு எந்தப் பாடம் பார்த்தே?" என்று கேட்க ஆள் இருக்கிறது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில், அம்மா நூறு நாள் வேலையில் என்றிருக்கும் வீட்டில் அதே டேப்லெட் இரண்டு நாளில் விளையாட்டுச் சாமான் ஆகிவிடுகிறது. கருவி ஒன்றுதான். ஆனால் ஏற்கெனவே முன்னால் இருந்தவன் இன்னும் கொஞ்சம் முன்னால் போய்விட்டான். கீழே வரும் பதில்களில் பாதி இதையே வேறு வேறு ஊர்களிலிருந்து காட்டுபவைதான்.

கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு நடந்ததே, அதில் என்ன தெரிந்தது?

நிறையத் தெரிந்தது. யாரும் திட்டமிட்டு இவ்வளவு பெரிய சோதனையை நடத்தியிருக்க முடியாது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஏறக்குறைய பத்தொன்பது மாதம். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பிள்ளை அடுத்து பள்ளிக்குள் கால் வைத்தது ஐந்தாம் வகுப்புக்கு.

அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது? 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது சுமார் 4 சதவீதத்தில். நகரத்தில் 23 சதவீதம். இணைய வசதி கிராமத்தில் சுமார் 15, நகரத்தில் 42. இந்த அடித்தளத்தின் மேல்தான் "இனி வகுப்பு ஆன்லைனில்" என்ற அறிவிப்பு வந்து இறங்கியது. உலகம் முழுக்கவும் இதே கதைதான். பள்ளி மூடியபோது எந்த வகைத் தொலைவழிக் கல்வியும் எட்டாத பிள்ளைகள் குறைந்தது 46 கோடி, அதாவது மூன்றில் ஒருவர் என்று யுனிசெஃப் 2020இல் கணக்குச் சொன்னது.

தமிழ்நாட்டில் என்ன ஆனது என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் நம் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு 2021 டிசம்பரில் ஒப்பிட்டபோது, கணக்கில் பெரிய சரிவு, தமிழில் அதில் ஏறக்குறைய பாதி. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் அதிகமாக இழந்திருந்தார்கள். இது எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது அடுத்து நடந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்கிறார்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவில் இருக்கும் படித்த பெண்கள், மாலையில் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. இழப்பு ஏழைகளை அதிகம் தாக்கியது. மீட்சி அவர்களுக்கே அதிகம் கிடைத்தது. ஆன்லைன் வகுப்பால் செய்ய முடியாததை ஒரு பாயும் ஒரு அக்காவும் செய்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

கேரளாவில் நன்றாக நடந்ததாகச் சொல்கிறார்களே?

ஓரளவுக்கு. 2020 ஜூன் 1 அன்றே அரசின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே எத்தனை பிள்ளைகள் வீட்டில் டிவியும் இல்லை போனும் இல்லை என்று எண்ணினார்கள். சுமார் 2.6 லட்சம் பேர். அவர்களுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்துப் பொது இடங்கள் அமைத்தார்கள். எல்லாரையும் முதல் நாளே எட்டவில்லை. ஆனாலும் முதலில் எண்ணினார்கள் பாருங்கள், அது முக்கியம். யாரிடம் இல்லை என்று தெரியாமல் ஆரம்பிக்கும் எந்தத் திட்டமும் இருப்பவர்களுக்கே போய்ச் சேரும்.

இப்போதுதான் எல்லார் வீட்டிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறதே. இன்னும் என்ன பிரச்சினை?

2016க்குப் பிறகு டேட்டா விலை விழுந்தது, போன் வந்துவிட்டது, உண்மைதான். கிராமங்களில் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் ஏசர் (ASER) கணக்கெடுப்பின் 2023 அறிக்கையில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் 'வீட்டில் இருக்கிறது' என்பதும் 'பிள்ளையின் கையில் இருக்கிறது' என்பதும் வேறு. அப்பா காலை ஆறு மணிக்குக் கொத்து வேலைக்குக் கிளம்பும்போது போனும் கிளம்பிவிடும். ராத்திரி வந்ததும் சார்ஜ் இருக்காது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவன் முதலில் வாங்கிக்கொள்வான்.

பெண் பிள்ளைகள் கதை தனி. அதே 2023 அறிக்கையில், போனைப் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் சொந்தப் போன் வைத்திருந்தவர்கள் சுமார் 44 சதவீதம், பெண்களில் சுமார் 20. இது காசு இல்லாததால் மட்டும் வந்த வித்தியாசம் இல்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு போன்?" என்ற கேள்வி எந்த ஆப்பையும் விடப் பலமானது. கோழிக்கோட்டில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை ஆறு முதல் பத்து வரை மாணவிகள் போன் வைத்திருக்கக் கூடாது என்ற விதியை எதிர்த்து ஒரு மாணவி வழக்குப் போட்டார். இணையம் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. படிக்கிற நேரம் அந்த நான்கு மணி நேரம்தானே!

இன்னொன்று. 2024 ஏசர் அறிக்கையில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் அதற்கு முந்தைய வாரம் போனைப் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76. பிள்ளைகளைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. நாமும் அப்படித்தான் இருக்கிறோம்.

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் வீணா?

வீண் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. படிப்பைச் சமமாக்கிவிட்டது என்று சொல்கிறவர்களோடும் உண்டு.

2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கியது. அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் மூலம் வாங்கி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல். அரசு முத்திரை போட்ட அந்த லேப்டாப்பை எங்கள் பக்கத்தில் இன்றும் பார்க்கலாம். பேட்டரி செத்து, எப்போதும் ஒயரோடு, ஒரு கீ இல்லாமல், ஜெராக்ஸ் கடை மேசையில் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. மவுஸைப் பிடிக்கப் பயப்படாத ஒரு தலைமுறை அதிலிருந்து வந்தது. இதற்கு மார்க் போட்டுக் காட்ட முடியாது, ஆனால் இன்டர்வியூவுக்குப் போகும் பையனுக்கு அந்தப் பயம் இல்லாதது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

குறை எங்கே? சில ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்து வெளியே போன பிறகுதான் கைக்கு வந்தது. பாடத்துக்கும் லேப்டாப்புக்கும் தொடர்பு வைக்கவில்லை. வகுப்பில் ஆசிரியர் "நாளைக்கு லேப்டாப் கொண்டு வாங்க" என்று சொல்வதற்கான காரணமே இல்லாமல் இருந்தது. பழுதானால் எங்கே கொடுப்பது என்பதும் பலருக்குக் குழப்பம். பிறகு விநியோகம் நின்றுபோனது. 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மறுபடி அறிவித்தார்கள்.

பெருவில் இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. 'ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப்' என்று நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005இல் கிளப்பிய கனவை நம்பி அந்த நாடு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்களை வாங்கியது. கிராமப் பள்ளிகளில் 15 மாதம் கழித்துப் பார்த்தபோது கணக்கிலும் மொழியிலும் மார்க் உயர்ந்ததற்கான தடயமே இல்லை என்று 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. பிள்ளைகள் லேப்டாப்பை இயக்கக் கற்றுக்கொண்டார்கள், பொது அறிவுத்திறன் சோதனைகளில் கொஞ்சம் முன்னேற்றமும் இருந்தது. படிப்பு மட்டும் நகரவில்லை. ஆசிரியருக்கு அதை வைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆக, லேப்டாப் ஒரு சொத்து. ஏழை வீட்டுக்குச் சொத்து கொடுப்பது நல்லதுதான். அதைப் பாடம் என்று நினைத்துக்கொண்டால்தான் ஏமாற்றம்.

அப்படியானால் எங்கேதான் வேலை செய்தது?

டெல்லியில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்வேன்.

2015இல் அரசு நடுநிலைப் பள்ளிகளில் படிக்கும் 619 பிள்ளைகளை எடுத்து, குலுக்கல் போட்டு, பாதிப் பேருக்கு மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் உள்ள மாலை மையங்களில் இலவச இடம் கொடுத்தார்கள். ஆரம்பத்திலேயே ஒரு விஷயம் வெளிப்பட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் நின்றது. மேலே போகப் போக இடைவெளி இன்னும் பெரிதானது. வகுப்பில் ஆசிரியர் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத்தான் நடத்தியாக வேண்டும். ஆனால் எதிரே இருக்கும் பிள்ளைகளில் ஒருத்திக்கு கழித்தலில் கடன் வாங்கவே வராது, இன்னொருத்திக்குப் பின்னத்தில் சிக்கல், மூன்றாமவளுக்கு எல்லாம் தெரியும், கொட்டாவி விடுகிறாள். ஒரே பாடத்தை மூன்று பேருக்கும் நடத்த எந்த ஆசிரியராலும் முடியாது. அவர் சோம்பேறி என்பதால் அல்ல, நாற்பது பேர் இருக்கிறார்கள் என்பதால்.

மென்பொருள் இங்கேதான் நுழைந்தது. ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து கேள்வி கொடுத்தது. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்: பாதி நேரம் கணினி, மீதி நேரம் ஒரு பயிற்றுநருடன் சிறு குழுவாக. நாலரை மாதம் கழித்து, மையத்தில் இடம் கிடைத்த பிள்ளைகளின் கணித முன்னேற்றம் கிடைக்காதவர்களுடையதைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆய்வை நடத்தியவர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன், 2019இல் வெளிவந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு முடிவு. மிகவும் பின்தங்கிய பிள்ளைகள் வழக்கமான பள்ளியில் ஏறக்குறைய எதுவுமே முன்னேறவில்லை, மையத்தில் மற்றவர்கள் அளவுக்கே முன்னேறினார்கள். கடைசி பெஞ்சுக்குக் கிடைத்த வெற்றி அது.

குஜராத்தில் அதற்கும் முந்தைய ஆய்வு ஒன்றில், லீ லிண்டன் என்பவர் கணினியை இரண்டு விதமாக வைத்துப் பார்த்தார். ஆசிரியரின் பாட நேரத்தை எடுத்துக்கொண்டு கணினியில் உட்கார வைத்தபோது பிள்ளைகள் பின்னால் போனார்கள். பள்ளி முடிந்த பிறகு கூடுதல் பயிற்சியாக வைத்தபோது முன்னால் வந்தார்கள். ஒரே மென்பொருள்தான்.

இந்த 'நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு' என்ற யோசனைக்குக் கணினியே கட்டாயம் இல்லை. 2022இல் தமிழ்நாட்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறது. அட்டையும் பயிற்சிப் புத்தகமும் வைத்துச் செய்வதுதான். கணினி செய்வதெல்லாம் அந்தப் பிரிக்கும் வேலையை அலுக்காமல் தினமும் செய்வதுதான்.

ஆசிரியர் இல்லாத மலைக் கிராமத்துக்கு வீடியோ பாடம் போதாதா?

இது பழைய ஆசை. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு நாசாவின் செயற்கைக்கோளை வைத்து ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோவும் தூர்தர்ஷனும் டிவி நிகழ்ச்சி அனுப்பின. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடமும் இருந்தது. அன்றைக்கும் மின்சாரம், பெட்டி பழுது, பக்கத்தில் விளக்கம் சொல்ல ஆள் என்பவைதான் கவலை. நமக்கும் அவைதான்.

நீண்ட காலம் நின்று காட்டியது மெக்சிகோ. 1968இல் தொடங்கிய டெலிசெகுந்தாரியா என்ற டிவி வழிப் பள்ளித் திட்டம் இன்றும் நடக்கிறது. கிராமத்தில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வைக்க முடியாது. அதனால் எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஆசிரியர், பாடம் டிவியில், பிறகு அவரோடு பயிற்சி. ஆசிரியரை எடுத்துவிடவில்லை, அவர் தலையில் இருந்த சுமையைக் குறைத்தார்கள். நம்முடைய கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தது. பாடங்களில் சில உண்மையிலேயே அருமை. ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து அரை மணி நேரம் அசையாமல் பாடம் பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஜவ்வாது மலையில் சில ஊர்களில் சிக்னலுக்காகப் பிள்ளைகள் மேடு தேடிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். இலங்கையிலும் 2021இல் பிபிலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிள்ளைகள் பாறை மேல் ஏறி வகுப்பு கேட்ட படங்கள் வந்தன.

பாடப் புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடு யாராவது பயன்படுத்துகிறார்களா?

2018-19இல் வந்த புதிய புத்தகங்களிலிருந்து இருக்கிறது. ஸ்கேன் செய்தால் திக்ஷா என்ற அரசுப் பாடத் தளத்தில் வீடியோ திறக்கும். என் வகுப்பில் கேட்டால் ஏழெட்டுப் பேர் ஒரு தடவையாவது செய்து பார்த்திருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர் வகுப்பிலேயே திறந்து காட்டிய பாடங்களை மட்டும் மறுபடி பார்க்கிறார்கள்.

ஸ்மார்ட்போனே இல்லாத வீட்டுக்கு?

பட்டன் போன் போதும். போட்ஸ்வானாவில் 2020இல் பள்ளி மூடியிருந்தபோது 4,500 குடும்பங்களை எடுத்துக்கொண்டு சிலருக்கு வாராவாரம் கணக்குக் கேள்வியை எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். வேறு சிலருக்கு எஸ்எம்எஸ்ஸோடு பதினைந்து இருபது நிமிடம் போன் போட்டு, ஸ்பீக்கரில் பெற்றோரையும் பிள்ளையையும் உட்கார வைத்துக் கணக்கைச் செய்ய வைத்தார்கள். எஸ்எம்எஸ் மட்டும் பெற்றவர்களிடம் சொல்லும்படியான பலன் இல்லை. போன் பேசியவர்களிடம் இருந்தது. நானும் லாக்டவுனில் இதைச் செய்தேன், ஆய்வு எதுவும் படித்துவிட்டு அல்ல, வேறு வழி இல்லாமல். பெரும்பாலும் பாட்டிகள்தான் போனை எடுத்தார்கள். "பிள்ள ஏரிக்குப் போயிருக்கு, அரை மணி கழிச்சுப் பண்ணு தம்பி." அரை மணி கழித்துப் பண்ணினால் பிள்ளை காத்திருக்கும்.

பார்வையற்ற மாணவர்களுக்கு இது உண்மையிலேயே பயனா?

இங்கே எனக்குத் தயக்கமே இல்லை. ஆமாம்.

ஒரு பிரெயில் புத்தகம் எவ்வளவு தடிமன், எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்களுக்கு, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் என்ன செய்தது என்பது புரியும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைத் தொடங்கினார். அதற்கு முன் இந்த வகை மென்பொருளுக்குக் கணினியின் விலையைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. இது முழுக்க இலவசம், தமிழும் படிக்கும். பார்வையற்ற மாணவர் ஒருவர் யாருடைய நேரத்துக்கும் காத்திருக்காமல் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு புத்தகத்தைப் படிக்கலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. சட்டமும் துணைக்கு வந்தது. 2012 பதிப்புரிமைத் திருத்தம் மாற்றுத்திறனாளிகளுக்காகப் புத்தகத்தை வேறு வடிவத்துக்கு மாற்ற அனுமதித்தது. அதே நோக்கத்துக்கான 2013 மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான்.

தடை எங்கே என்றால், நாம் கோப்பு தயாரிக்கும் விதத்தில். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை ஸ்கிரீன் ரீடரிடம் கொடுத்தால் அது ஆங்கில எழுத்துகளாக உளறும். புத்தகத்தைப் போட்டோ எடுத்துப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்ஆப்பில் போட்டால் அதற்கு வெற்றுப் பக்கம். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: நோட்ஸை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடித்து அனுப்புங்கள். செலவு பூஜ்யம்.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு இணையத்தில் என்ன இருக்கிறது?

பள்ளி வரைக்கும் பரவாயில்லை. மாநிலப் பாடநூல்கள் இலவசப் பிடிஎஃபாக இருக்கின்றன. 2023இல் வந்த மணற்கேணி செயலியில் பாடங்கள் அனிமேஷனாக இருக்கின்றன. இலக்கியத்துக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற தளம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 'நூலகம்' என்ற தளம். இவை இரண்டும் தன்னார்வலர்களின் உழைப்பு. தொண்ணூறுகளில் ஒரு கிராமத்துப் பையன் சிலப்பதிகாரம் முழுசாகப் பார்க்க மாவட்ட நூலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும்.

கல்லூரிக்குப் போனதும் தரை மாறிவிடுகிறது. தமிழ் வழியில் நானூறு மதிப்பெண் எடுத்த பெண், தேடுபொறியில் ஆங்கிலத்தில் என்ன சொல் போட்டுத் தேட வேண்டும் என்று தெரியாமலே உட்கார்ந்திருப்பாள். 'வெப்ப இயக்கவியல்' என்று போட்டால் வருவது கொஞ்சம், அதன் ஆங்கிலப் பெயரைப் போட்டால் வருவது கடல். என் மாலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பாடத்திலும் பத்து ஆங்கிலக் கலைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி வைக்கிறேன். தமிழ்ப் பற்று குறைந்ததால் அல்ல, சாவியைக் கையில் கொடுக்கத்தான்.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் டிகிரி வாங்கிவிடலாமா?

சென்னை ஐஐடி 2020இல் தரவு அறிவியலில் ஆன்லைன் பட்டப் படிப்பைத் தொடங்கியது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், சில வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை. பாடம் வீட்டில், தேர்வு நேரில் மையத்துக்குப் போய். கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்ட முடியாத பிள்ளைக்கு இது உண்மையான கதவு. ஆனால் கணக்கு நன்றாக வர வேண்டும், ஆங்கில விரிவுரையைப் பின்தொடர வேண்டும், வாராவாரம் தானே உட்கார வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் எல்லாரையும் வீழ்த்துகிறது. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடங்களில் 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வசதியான நாட்டுக்காரர்கள். கதவைத் திறந்து வைத்தால் முதலில் நுழைவது ஏற்கெனவே வாசலில் நின்றவர்கள்தான்.

ஏஐ வந்துவிட்டது. இனி டியூஷனே வேண்டாமா?

துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் மேல்நிலை மாணவர்களிடம் ஜிபிடி-4 என்ற ஏஐயைக் கொடுத்துக் கணக்குப் பயிற்சி செய்ய வைத்தார்கள். பயிற்சியின்போது மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. பிறகு அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், ஏஐயே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவு. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றியமைத்த வடிவத்தில் அந்தக் கேடு பெரும்பாலும் இல்லை. நைஜீரியாவில் எடோ மாநிலத்தில் 2024இல் பள்ளி முடிந்தபின் ஆறு வாரம், ஆசிரியர் கூடவே இருந்து வழிநடத்த, ஏஐயோடு ஆங்கிலம் பழகிய பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். மேலே சொன்ன குஜராத் கதையை இங்கே மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கு ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. இந்த மென்பொருள்கள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கும். தமிழ் வாக்கியம் அதே பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தைவிட அதிகத் துண்டாகிறது, அதனால் செலவும் கூடுகிறது. தமிழில் கேட்டால் சில சமயம் தன்னம்பிக்கையோடு தப்பாகவும் சொல்லும். தப்பைக் கண்டுபிடிக்கும் அறிவு இருக்கும் பிள்ளைக்கு அது உதவி. இல்லாத பிள்ளைக்கு?

இதையெல்லாம் விட நல்ல தொழில்நுட்பம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. சைக்கிள். சிரிக்காதீர்கள். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு உரிய வயதில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று பின்னால் ஆய்ந்தவர்கள் சொன்னார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். நம் ஊரில் பதினோராம் வகுப்பில் கொடுக்கும் சைக்கிளை 'ஓட்டுக்காகக் கொடுக்கும் சைக்கிள்' என்று கேலி செய்கிறவர்கள், மதிய வெயிலில் ஐந்து கிலோமீட்டர் நடந்து பார்த்தவர்கள் இல்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கித் தர நினைக்கிறேன். செய்யலாமா?

முதலில் தலைமை ஆசிரியரிடம் போய், ஏற்கெனவே இருப்பது எந்த அறையில் இருக்கிறது என்று கேளுங்கள். பூட்டு இருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பல சமயம் கணினி இருக்கும், யுபிஎஸ் பேட்டரி போயிருக்கும். பேட்டரி மாற்ற ஆகும் செலவு புதுக் கணினியில் சிறு பங்குதான், ஆனால் பேட்டரிக்கு யாரும் பெயர்ப்பலகை வைக்க மாட்டார்கள் என்பதால் யாரும் கொடுப்பதில்லை. சில வருடங்களுக்கு முன்பு ஒரு நன்கொடையாளர் எங்களுக்குப் பத்து டேப்லெட் கொடுத்தார். விழா, பொன்னாடை, போட்டோ எல்லாம் நடந்தது. ஒன்றரை வருடத்தில் எட்டு போய்விட்டது, பெரும்பாலும் சார்ஜ் ஏறும் ஓட்டை உடைந்து. பழுது பார்க்க என்று ஒரு ரூபாயும் ஒதுக்க எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. தப்பு இரண்டு பேருடையதும்தான்.

பத்து கம்ப்யூட்டருக்கான பணம் இருந்தால் நான் இப்படிச் செய்வேன்: மூன்று வாங்கிவிட்டு, மீதியைப் பக்கத்துத் தெருவில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டு வருட மாலை நேரச் சம்பளமாக வைப்பேன். கொஞ்சம் பழுதுக்கு. அப்புறம் ஹெட்போன், ஒயர் உள்ளதாக, மலிவாக, ஒரு டஜன். மூன்று கணினியும் ஒரே அறையில் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தால் முதல் வாரத்திலேயே ஆசிரியர் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிடுவார்.